பச்சை அடித்த செல்களைக் கூட்டுவது எப்படி: ஃபில்டரா, மேக்ரோவா, தனி நெடுவரிசையா?

அடுக்குமாடிச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், சீட்டுக் கணக்கு, டியூஷன் ஃபீஸ் என எந்த வசூல் ஷீட்டைத் திறந்தாலும் ஒரே வழக்கம்தான். கட்டியவருக்குப் பச்சை, பாதி கட்டியவருக்கு மஞ்சள், கட்டாதவருக்குச் சிவப்பு. பார்த்ததும் புரிந்துவிடும். "சரி, பச்சை மொத்தம் எவ்வளவு?" என்று பொருளாளர் கேட்கும்போதுதான் வம்பு. நிபந்தனைக்குப் பொருந்தும் தொகைகளைக் கூட்டும் ஃபார்முலாவான சம்இஃப்புக்கு நிறம் தெரியாது. எக்செல்லின் வழக்கமான ஃபார்முலாக்களில் எதுவும் செல்லின் பின்னணி நிறத்தைப் படிக்காது. 'செல்' என்ற ஃபங்ஷனுக்குள் 'கலர்' என்று ஒரு விருப்பம் இருப்பதைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. மைனஸ் தொகை நிறத்தோடு காட்டப்படும்படி எண் வடிவம் அமைந்திருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறத்தைப் படிக்கும் மேக்ரோ, அதாவது ஷீட்டில் நமக்காக வேலை செய்யும் சின்ன நிரல், நல்லதுதான், ஆனால் அது செய்ய வேண்டியது நிறத்தை எழுத்தாக மாற்றி ஒரு நெடுவரிசையில் போடும் வேலை. கூட்டல், கழித்தலை எல்லாம் அதன் பிறகு சாதாரண ஃபார்முலாவிடம் விட்டுவிட வேண்டும். ஏன் என்பது ஒவ்வொரு வழியாகப் பார்க்கும்போது தெரியும்.

மேக்ரோ இல்லாமலே முடிந்தால்

நிறத்தை வைத்து ஃபில்டர் செய்யும் வசதி எக்செல்லில் 2007 பதிப்பிலிருந்தே இருக்கிறது. தலைப்பு வரிசையில் ஃபில்டர் போட்டுப் பச்சையைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலுக்கு மேலே ஒரு செல்லில் 'சப்டோட்டல்' ஃபார்முலாவை 109 என்ற எண்ணோடு எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசைகளின் தொகை மட்டும் வரும். 103 போட்டால் எத்தனை பேர் என்று வரும். கூகுள் ஷீட்ஸிலும் இதே போல நிறத்தால் வடிகட்டலாம். எப்போதாவது ஒருமுறை யாராவது கேட்கிற கேள்விக்கு இது தாராளம். இதற்கு மேல் போகவே வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு நிறத்தைத்தான் பார்க்க முடியும் என்பது இதன் குறை. மூன்று நிறத்தின் தொகையையும் ஒரே தாளில் அச்செடுத்துக் கூட்டத்தில் கொடுக்க வேண்டுமென்றால் மாற்றி மாற்றி வடிகட்டி, கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நிறம் எப்படி வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்ட நிறமாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கும். பாக்கி பூஜ்யமானால் பச்சை என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள். அதே நிபந்தனையை, பல நிபந்தனைகளை ஏற்கும் சம்இஃப்ஸில் எழுதினால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு நிறத்தைப் படிக்க மேக்ரோ தேடுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். மேக்ரோ தேவைப்படுவது, ஒருவர் தன் மனதில் வைத்திருக்கும் விதிப்படி கையாலேயே பூசிய நிறத்துக்கு.

எக்செல் விபிஏ

கையால் பூசிய நிறத்தைப் படிக்க, எக்செல்லின் மேக்ரோ மொழியான விபிஏவில் 'இன்டீரியர்.கலர்' என்ற பண்பு உண்டு. கிடைப்பது ஒரு பெரிய எண். சிவப்பு அளவு, அதோடு பச்சையின் அளவை 256-ஆல் பெருக்கியது, அதோடு நீலத்தின் அளவை 65536-ஆல் பெருக்கியது, இவை மூன்றின் கூட்டுத்தொகை அது. சுத்த மஞ்சள் 65535. எக்செல்லின் 'ஸ்டாண்டர்ட் கலர்ஸ்' வரிசையில் உள்ள பச்சை (சிவப்பு 0, பச்சை 176, நீலம் 80) 5287936. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் வெளிர் பச்சை 5296274. கண்ணுக்கு இரண்டும் 'கட்டியாச்சு'தான், மேக்ரோவுக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள். போன செயலாளர் ஒரு பச்சையும் இந்தச் செயலாளர் இன்னொரு பச்சையும் பூசியிருந்தால் கூட்டலில் பாதி விடுபடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால் கூட்டல் மேக்ரோ எழுதுவதற்கு முன்னால், ஷீட்டில் என்னென்ன நிற எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை செல்லில் இருக்கிறது என்று பட்டியல் போடும் சின்ன மேக்ரோ ஒன்றை ஓட்டிப் பார்ப்பது நல்லது. மூன்று நிறம் என்று சொல்லிக் கொடுத்த ஷீட்டில் ஏழெட்டு எண் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்த சிக்கல் வெள்ளை. நிறமே பூசாத செல்லுக்கும் வெள்ளை பூசிய செல்லுக்கும் 'இன்டீரியர்.கலர்' ஒரே விடையைத்தான் தரும்: 16777215. இரண்டையும் பிரிக்க 'கலர்இன்டெக்ஸ்' வேண்டும். நிறமில்லாத செல்லுக்கு அது -4142 என்று சொல்லும். ஆனால் நிறங்களை வேறுபடுத்தவும் அதையே நம்பினால் பழைய 56 நிறப் பலகைக்குள் மாட்டிக்கொள்வோம். அதில் இல்லாத நிறத்தை அருகில் உள்ள ஏதோ ஒன்றின் எண்ணுக்குத் தள்ளிவிடும். நிறம் உண்டா இல்லையா என்று கேட்க 'கலர்இன்டெக்ஸ்', எந்த நிறம் என்று கேட்க 'கலர்'.

கண்டிஷனல் ஃபார்மேட்டிங் நிறம் 'இன்டீரியர்' கண்ணில் படாது. திரையில் தெரிகிற நிறத்தைப் படிக்க 2010 பதிப்பில் 'டிஸ்ப்ளேஃபார்மேட்' வந்தது. பொத்தானை அழுத்தி ஓட்டும் மேக்ரோவில் அது ஒழுங்காக வேலை செய்யும். செல்லில் ஃபார்முலாவாக எழுதும் ஃபங்ஷனுக்குள் அதையே வைத்தால் '#வேல்யூ!' என்று கையை விரித்துவிடும்.

ஃபங்ஷனா பொத்தானா என்பதுதான் விபிஏவில் உண்மையான தேர்வு. பெரும்பாலோர் முதலில் ஆசைப்படுவது ஃபங்ஷனுக்கு: நிறத்தையும் வரம்பையும் கொடுத்தால் தொகை வரும், சம்இஃப் மாதிரியே இருக்கும். அழகுதான். ஆனால் ஒரு செல்லைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றும்போது எக்செல்லைப் பொறுத்தவரை மதிப்பு எதுவும் மாறவில்லை, அதனால் மறுகணக்கு நடக்காது. செல் மாறும்போது மேக்ரோவை ஓட்டிவிடும் 'வொர்க்ஷீட் சேஞ்ச்' நிகழ்வும் கிளம்பாது. ஒவ்வொரு மறுகணக்கிலும் ஓடச் சொல்லும் 'அப்ளிகேஷன்.வொலடைல்' வரியை ஃபங்ஷனில் எழுதினாலும், அடுத்த முறை ஷீட் ஏதாவது காரணத்தால் கணக்குப் போடும்போதுதான் விடை மாறும். மறுகணக்குப் போடச் சொல்லும் எஃப்9 விசையை அழுத்த மறந்தால் திரையில் நிற்பது பழைய தொகை, அது பழையது என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை. பணக் கணக்கில் இது எனக்கு ஒப்பவில்லை. பொத்தானை அழுத்தியதும் எல்லா வரிசையையும் படித்து, பக்கத்து நெடுவரிசையில் 'கட்டியது', 'பாதி', 'பாக்கி' என்று எழுதி, ஓடிய தேதியையும் நேரத்தையும் ஒரு செல்லில் போடும் மேக்ரோவில் இந்த மயக்கம் இருக்காது. தொகை பழையதா புதியதா என்று அந்த நேரமே சொல்லிவிடும். ஒரே எச்சரிக்கை, ஷீட்டை மாற்றும் மேக்ரோ ஓடிய பிறகு கன்ட்ரோல்+இசட் வேலை செய்யாது. நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

'கெட்.செல்' என்று இன்னொரு பழைய வழி உண்டு. எக்செல் 4 காலத்து மேக்ரோ மொழி அது. நேம் மேனேஜரில் ஒரு பெயர் வைத்து 63 என்ற எண்ணைக் கொடுத்தால் நிற எண் வரும், விபிஏ தேவையில்லை. இணையத்தில் இன்னும் பலர் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். இந்தப் பழைய மேக்ரோ மொழியை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது, கிடைப்பதும் அதே 56 நிறப் பலகை எண்தான். புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

லிப்ரெஆஃபீஸ், கூகுள் ஷீட்ஸ், பைத்தான்

இலவச மென்பொருளான லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் பண்பின் பெயர் 'செல்பேக்கலர்'. இங்கே எண்ணின் வரிசை தலைகீழ், சிவப்பைத்தான் 65536-ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன அதே பச்சை எக்செல்லில் 5287936, கால்க்கில் 45136. எக்செல் மேக்ரோவில் நேரடியாக எழுதிய நிற எண்ணை அப்படியே எடுத்து ஒட்டினால் ஒரு செல்லும் பொருந்தாது. இதற்கு ஈடாக ஒரு நிம்மதி உண்டு: நிறம் பூசாத செல்லுக்குக் கால்க் -1 தரும், வெள்ளையோடு குழப்பிக்கொள்ளாது.

கால்க்கின் மேக்ரோ மொழியான பேசிக்கில் நாம் எழுதும் ஃபங்ஷனுக்கு ஒரு செல்லைக் கொடுத்தால் அதன் மதிப்பு மட்டுமே உள்ளே போகும், செல் போகாது. நிறத்தைக் கேட்க செல் கையில் வேண்டுமே. அதனால் ஷீட் எண், வரிசை எண், நெடுவரிசை எண் மூன்றையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். பொத்தான் மேக்ரோவில் இந்தத் தொல்லை இல்லை.

கூகுள் ஷீட்ஸில் மேக்ரோ எழுதும் ஆப்ஸ் ஸ்கிரிப்டிலும் இதே கதைதான். தனி ஃபங்ஷனுக்கு மதிப்புதான் போகும், செல்லின் முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த முகவரி ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது நகராது. உள்ளே அனுப்பிய விவரம் மாறாதவரை கூகுள் பழைய விடையையே எடுத்துக் காட்டும், நிறம் மாறியது அதற்குத் தெரியாது. தனி ஃபங்ஷன் 30 விநாடிக்குள் முடிய வேண்டும் என்ற கெடுவும் உண்டு. மெனுவிலிருந்து ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு 6 நிமிடம். அதில் 'கெட்பேக்கிரவுண்ட்ஸ்' என்று பன்மையில் ஒரே அழைப்பில் மொத்த வரம்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். செல் செல்லாகக் கேட்டால் நொண்டியடிக்கும். நிறம் '#00பி050' மாதிரி எழுத்தாக வரும், நிறமில்லாத செல்லுக்கும் வெள்ளையின் குறியீடே வரும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் நிறம் இதில் வராது. அதற்கு, நிரல்கள் ஷீட்டோடு பேசும் வழியான ஷீட்ஸ் ஏபிஐயில் 'எஃபெக்டிவ்ஃபார்மேட்' பகுதிக்குப் போக வேண்டும். போனில் ஷீட்டைத் திறப்பவருக்கு நாம் சேர்த்த மெனு தெரியாது. எக்செல் விபிஏ போனிலும் பிரவுசரிலும் ஓடவே ஓடாது. சங்கத்தில் பாதிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள் என்றால் ஒருவர் கணினியில் ஓட்டி, எழுதிய நெடுவரிசையை மற்றவர்கள் பார்ப்பதுதான் சுலபமான வழி.

பைத்தான் நிரல் மொழியில் எக்செல் கோப்பைப் படிக்க உதவும் ஓபன்பிஒய்எக்ஸ்எல், கோப்புகள் நிறைய இருக்கும்போது கைகொடுக்கும். எக்செல் இல்லாத கணினியிலும் ஓடும். அதில் வழுக்கும் இடம் தீம் நிறம். ஸ்டாண்டர்ட் பச்சை பூசியிருந்தால் நிறக் குறியீடு நேராகக் கிடைக்கும். எக்செல்லின் நிறப் பட்டியலில் மேலே உள்ள தீம் நிறக் கட்டங்களிலிருந்து எடுத்திருந்தால் கிடைப்பது 'தீம் 9, இவ்வளவு வெளிறல்' என்ற குறிப்புதான், நிறத்தை நாமே கணக்கிட வேண்டும். மக்கள் பெரும்பாலும் கை வைப்பது அந்த மேல் கட்டங்களில்தான். படித்த கோப்பை அதன் மேலேயே சேமித்தால், தனியாகச் சொல்லாதவரை உள்ளே இருந்த மேக்ரோக்களும் காணாமல் போகும். படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுவரிசையை எப்படிச் சுட்டுவது

நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்கள் இதை அவசரமாகக் கடந்துவிடுவார்கள். மேக்ரோக்கள் உடைவதோ பெரும்பாலும் இங்கேதான்.

தொகை எஃப் நெடுவரிசையில் இருக்கிறது, மேக்ரோவில் "எஃப்" என்றே எழுதியாகிவிட்டது. அடுத்த மாதம் யாரோ தொகைக்கு இடப்பக்கம் 'வாட்ஸ்அப் எண்' என்று ஒரு நெடுவரிசையை நுழைக்கிறார். ஷீட்டில் உள்ள ஃபார்முலாக்கள் தானாக 'ஜி'க்கு நகர்ந்துகொள்ளும். மேக்ரோவுக்குள் மேற்கோள் குறியில் இருக்கும் "எஃப்" அப்படியே நிற்கும். பச்சை வரிசைகளின் போன் நம்பர்களை எல்லாம் கூட்டி, பராமரிப்பு வசூல் பல ஆயிரம் கோடி என்று சொல்லும். இது பரவாயில்லை, பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். 'முன்பணம்' நெடுவரிசை அந்த இடத்துக்கு வந்திருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எழுத்துக்குப் பதில் 6 என்று எண்ணாக எழுதுவது இதற்குத் தீர்வாகாது, அதுவும் அதே இடத்தில் நிற்கும். ஆனால் நெடுவரிசைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் மேக்ரோவுக்கு எண்தான் வசதி. எண்ணை எழுத்தாக மாற்ற, 64-ஐக் கூட்டி 'சிஎச்ஆர்' போடும் குறுக்கு வழியைப் பல இடங்களில் பார்க்கலாம். இசட் வரைதான் அது போகும். 27-க்கு 91 வரும், அது சதுர அடைப்புக்குறி. இந்த எழுத்து முறையில் பூஜ்யம் கிடையாது என்பதால் இசட்டுக்கு அடுத்தது ஏஏ (27), இசட்இசட் 702, ஏஏஏ 703, கடைசியாக எக்ஸ்எஃப்டி 16384. எழுத்து வேண்டுமென்றால் செல்லின் முகவரியை எக்செல்லிடமே கேட்டு, டாலர் குறியில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், எழுத்து உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். மேக்ரோவில் செல்லைச் சுட்டும் 'செல்ஸ்' எண்ணையே ஏற்கும்.

மூன்று மென்பொருளுக்கும் இடையே மேக்ரோவை மாற்றுபவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எக்செல்லிலும் கூகுளிலும் முதலில் வரிசை, பிறகு நெடுவரிசை, எண்ணிக்கை 1-இல் தொடங்கும். கால்க்கின் 'கெட்செல்பைபொசிஷன்' முதலில் நெடுவரிசை கேட்கும், 0-இல் தொடங்கும். எஃப்5 என்ற ஒரே செல் எக்செல்லில் (5, 6), கால்க்கில் (5, 4). இரண்டிலும் முதல் எண் 5 என்பதால் சரியாக இருப்பது போலத் தோன்றுவதுதான் ஆபத்து.

நெடுவரிசை நகர்ந்தாலும் உடையாத வழிகள் மூன்று. முதலாவது, பட்டியலை எக்செல் டேபிளாக மாற்றி, நெடுவரிசையைத் தலைப்பின் பெயரால் அழைப்பது. இரண்டாவது, தலைப்பு வரிசையில் 'மேட்ச்' போட்டு எண்ணைக் கண்டுபிடிப்பது. மூன்றாவது, தலைப்பு செல்லுக்கு ஒரு பெயரிட்டு அந்தப் பெயர் எந்த நெடுவரிசையில் நிற்கிறது என்று கேட்பது. ஆங்கிலத் தலைப்பு வைத்தவர்களுக்கு டேபிள்தான் சுலபம், பேச்சே இல்லை.

நம் ஷீட்டுகளில் தலைப்பு 'தொகை', 'வீட்டு எண்' என்று தமிழில் இருக்கும். விபிஏ எடிட்டர், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடை ஏற்காது. விண்டோஸின் பழைய கோட் பேஜ் (மொழிவாரி எழுத்துப் பட்டியல்) முறையில்தான் அது எழுத்தைக் காட்டும், தமிழுக்கு அப்படி ஒரு கோட் பேஜ் கிடையாது. 'தொகை' என்று தட்டினால் கேள்விக்குறிகள் விழும், மேக்ரோவும் கேள்விக்குறிகளைத்தான் தேடும். 'த'வுக்கு 2980 என்று ஒவ்வோர் எழுத்தையும் 'சிஎச்ஆர்டபிள்யூ' கொண்டு கட்டலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பில் இந்தப் பிரச்சினையே வராது என்பது வேடிக்கை. அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்.

ஆகவே தமிழ்த் தலைப்பு உள்ள எக்செல் கோப்புக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. தலைப்பு செல்லைத் தேர்ந்தெடுத்து, இடது மேல் மூலையில் உள்ள பெயர்ப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் தட்டுங்கள். மேக்ரோ அந்தப் பெயரைத் தேடும், தலைப்பு தமிழிலேயே இருக்கும், நடுவில் நாலு நெடுவரிசை நுழைந்தாலும் பெயர் கூடவே நகரும். மேக்ரோ எழுத வேண்டிய 'கட்டியது', 'பாதி' போன்ற சொற்களையும் 'அமைப்பு' என்ற தனி ஷீட்டில் வைத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். நிறத்துக்கும் இதே ஏற்பாடுதான். அந்த ஷீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு மாதிரிச் செல்லுக்கு நிறம் பூசிவிட்டால், மேக்ரோவில் 5287936 என்று எண் எழுத வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு விதப் பச்சை புழங்கினால் இரண்டு மாதிரிச் செல்கள்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டிலும் லிப்ரெஆஃபீஸ் பேசிக்கிலும் தமிழை நேராகவே தட்டலாம். கூகுளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'தொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஸ்கிரிப்ட் ஒப்பிடும்போது வேறு வேறு என்று சொல்லும். இரண்டு பக்கமும் 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிட்டால் தீரும்.

எதை எடுப்பது

கோப்பு வெளியிலிருந்து மாதாமாதம் வருகிறது, நெடுவரிசைகள் இடம் மாறுகின்றன, கோப்புகளும் ஏராளம் என்றால் பைத்தான். எல்லோரும் சேர்ந்து ஆன்லைனில் திருத்துகிறார்கள் என்றால் கூகுளும் மெனு ஸ்கிரிப்டும். ஒரே ஆள், ஒரே கணினி, எக்செல் என்றால் விபிஏ பொத்தான். காசு கொடுத்து எக்செல் வாங்க வேண்டாம் என்றால் கால்க்கிலும் இதே பொத்தானை எழுதலாம், தமிழ் தட்டும் வசதியும் கூடவே கிடைக்கிறது. மின்னஞ்சலில் கோப்பை அனுப்புவதாக இருந்தால் விபிஏ வேண்டாம். இணையத்திலிருந்து வந்த கோப்பின் மேக்ரோவை எக்செல் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. பெறுபவர் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் 'அன்பிளாக்' செய்ய வேண்டும், அதை எல்லோருக்கும் போனில் சொல்லிக் கொடுக்க முடியாது.

எதை எடுத்தாலும், நிலை நெடுவரிசை நிரம்பியதும் அதை வைத்து கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டு, கையால் பூசிய நிறத்தைத் துடைத்துவிடுங்கள். இனி செயலாளர் 'கட்டியது' என்று கீழிறங்கு பட்டியலில் தேர்ந்தெடுத்தால் பச்சை தானாக வரும், சம்இஃப்ஸ் தானாகக் கூட்டும், மேக்ரோவை நீக்கிவிட்டு சாதாரணக் கோப்பாகவே சேமிக்கலாம்.

"பெயின்ட் பக்கெட்டில்தான் எனக்குப் பழக்கம்" என்று அவர் அடம்பிடித்தால் பொத்தான் நீடிக்கட்டும். அப்போது அறிக்கையில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: மொத்த வீடுகள் எத்தனை, மூன்று நிலைகளிலும் சேர்ந்தவை எத்தனை, எந்த மாதிரிச் செல்லோடும் பொருந்தாமல் நின்றவை எத்தனை. கடைசி எண் பூஜ்யமாக இல்லாதவரை தொகையை அச்செடுக்க வேண்டாம். பொருந்தாத வரிசைகளின் வீட்டு எண்களையும் மேக்ரோவே பட்டியலிட்டுவிட்டால், எந்தச் செல்லில் புதுப் பச்சை விழுந்திருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை.